அச்சில் வார்க்க இயலாத செல்வங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நோவாவின் பேழையைப் பற்றிய பாடம் முடிந்து, பிள்ளைகள் அதைப் படமாக வரைந்துகொண்டிருந்தனர். ஆசிரியை கரும்பலகையில் வரைந்து காட்டியதைப் பார்த்து ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரி வரைந்தனர்: அடியில் மூன்று அலைக் கோடுகள், மேலே கூரை வேய்ந்த படகு, சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் மட்டும் பேழையைப் பெரியதொரு டிரெய்லர் லாரியின்மேல் ஏற்றி வைத்திருந்தான். எண்ணிப் பார்த்தோம்; இருபத்திரண்டு சக்கரங்கள். ஓட்டுநர் இருக்கையில் தாடி வைத்த நோவா அமர்ந்திருந்தார். ஆசிரியை சிவப்பு மையால் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "பேழைக்கு எங்கேயாவது சக்கரம் இருக்குமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. வாயிற்படியில் நின்றிருந்த நாமும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறன்று வேறொரு பாடம், வேறொரு படம். அச்சிறுவன் இம்முறை கரும்பலகையைப் பார்த்து ஒரு கோடும் பிசகாமல் வரைந்திருந்தான். அவனுடைய தாளுக்குச் 'சரி' என்ற குறி கிடைத்தது. அந்தக் குறியைக் கண்டபோதுதான் நம் உள்ளம் உறுத்தியது. நாம் என்ன செய்துவிட்டோம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தினின்று மக்களையும் பண்டபாத்திரங்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, பேழை லாரியின்மேல் ஏறுவதில் வியப்பென்ன? அவன் வேதாகமத்தைப் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. அதைத் தன் ஊருக்கு அழைத்து வந்திருந்தான். நாமோ சிரித்தோம்.

ஆலையின் அளவுகோல்

புதுவாயலை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பஞ்செட்டியைக் கடந்து கவரைப்பேட்டையை அடையுமுன் நம் ஊர் வரும். மேற்கே பெரியபாளையம் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. ஒரு பக்கம் நெல் வயல். மறு பக்கம் ஆலையின் மதிற்சுவர். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. நம் பங்குக் குடும்பங்களில் பலருக்குச் சோறு போடுவது இத்தொழிற்பகுதியே. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோரும் இன்று நம் அண்டை வீட்டார்.

ஆலையின் நியதி யாவரும் அறிந்ததே. உருக்கிய பொருளை அச்சில் ஊற்றுகிறார்கள். குளிர்ந்து வெளிவரும் ஒவ்வொன்றும் முன்னதைப் போலவே இருத்தல் வேண்டும். மாறுபட்டது 'ரிஜெக்ட்' என்ற பெயர் பெற்றுத் தனிக் கூடையில் விழும். இதில் குறை காண ஒன்றுமில்லை. வண்டியின் பிரேக் பாகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருந்தால் அதில் செல்வோரின் உயிர் என்னாவது? ஆலைக்கு அந்த நியதி வேண்டும்.

ஆனால் அந்த நியதி ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறதா என்பதே நம் கேள்வி. மேற்சொன்ன சிறுவனின் தந்தை, வார்த்தெடுத்த பாகங்களைச் சோதித்துப் பிரிக்கும் பணியில் இருப்பவர். அவரிடம் இந்நிகழ்ச்சியைச் சொல்லி வருந்தியபோது, சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொன்னார்: "நாளெல்லாம் தப்பைத் தேடித்தான் சம்பளம் வாங்குறேன், ஃபாதர். வீட்டுக்கு வந்தாலும் கண்ணு அதைத்தான் தேடுது. அவன் நோட்டைப் பிரிச்சா முதல்ல கண்ணுல படறது தப்புதான்."

இத்துணை நேர்மையாகத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் தந்தையரைக் காண்பது அரிது. ஆலைக்குச் செல்லாத பெற்றோரும், ஆசிரியப் பெருமக்களும், குருக்களாகிய நாமுங்கூட அந்தக் கண்களோடுதான் பல வேளைகளில் பிள்ளைகளை நோக்குகிறோம். எழுத்துத் தடுமாறும் பிள்ளை, இடக்கையால் எழுதும் பிள்ளை, கூட்டத்தில் சேராமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை, ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை எல்லாரும் நம் மனத்தின் ஒரு கூடைக்குள் விழுந்துவிடுகின்றனர்.

இந்நிலையில் நம் கைக்குக் கிட்டிய எளிய துணை ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். அது குழந்தைகளுக்கான படநூல்.

மண்புழுவாகிய இரயில்

நாம் சிறுவராய் இருந்த காலத்தில், மாதந்தோறும் அம்புலிமாமா வருவதற்காகக் காத்திருப்போம். 1947இல் தொடங்கிய அவ்விதழ் இப்போது வெளிவருவதில்லை. ஆயினும் வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் தீட்டிய சித்திரம் நம் தலைமுறையின் நெஞ்சில் இன்றும் அழியாமல் நிற்கிறது. சோவியத் நாட்டில் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் வழியாக மலிவான விலைக்குக் கிடைத்த வண்ணப் படநூல்களும் அன்று பல வீடுகளில் இருந்தன. 1991இல் அந்நாடு பிரிவுண்ட பின் அவ்வரத்து நின்றது.

பிறகு, நம் சென்னையிலேயே குழந்தை நூல்களுக்கெனப் பதிப்பகங்கள் தோன்றின. 1994இல் கீதா வூல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸும், 1996இல் தொடங்கிய துலிகாவும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தாரா வெளியிட்ட நூல் ஒன்றைச் சென்னைக்குச் சென்றிருந்தபோது வாங்கி வந்தோம். அதன் கதை வாசகர்கள் அறிய வேண்டியது.

மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கர் என்னும் சிற்றூர். கோண்டு பழங்குடியினர் வாழும் ஊர் அது. அங்குப் பிறந்தவர் பஜ்ஜு ஷ்யாம். வறுமையின் காரணமாகப் போபால் நகருக்கு வந்து, காவற்காரராகவும் மின்பணியாளராகவும் வேலை பார்த்தவர். பின்னர், பெரும் ஓவியரான தம் உறவினர் ஜங்கட் சிங் ஷ்யாமிடம் தொழில் கற்றார். 2002ஆம் ஆண்டு, இலண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்ட அழைப்பு வந்தது. இரண்டு மாதங்கள் அந்நகரில் தங்கினார்.

திரும்பி வந்தவர் தாம் கண்ட இலண்டனைப் படங்களாக வரைந்தார். அவை 2004இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்னும் நூலாயின. அப்படங்களை என்னென்று சொல்வது! இலண்டனின் புகழ்பெற்ற மணிக்கூண்டாகிய பிக் பென், அவர் படத்தில் ஒரு சேவலோடு சேர்ந்துவிடுகிறது. அவருடைய ஊரில் நேரம் காட்டுவது சேவல்தானே! நிலத்தடியில் ஓடும் இரயில் மண்புழுவாகிறது. அவர் ஏறிச்சென்ற 30ஆம் எண் பேருந்து, வழி தவறாமல் கொண்டுசேர்க்கும் விசுவாசமுள்ள நாயாகிறது. பகலெல்லாம் கண்ணிற்படாமல் மாலையில் மதுக்கடைகளில் கூடும் ஆங்கிலேயர் வௌவால்களாகின்றனர். ஆகாய விமானமோ, இத்துணைப் பெரிய உடல் எப்படிப் பறக்கும் என்ற வியப்பில், சிறகு முளைத்த யானையாகிறது.

ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வந்து நம்மைப் பற்றி எழுதிய நூல்கள் ஆயிரம். நம் காட்டினின்று ஒருவர் அவர்கள் நகருக்குச் சென்று, தம் கண்களைத் தம் ஊரிலேயே விட்டுவிடாமல் உடன் கொண்டுசென்று, அந்நகரை வரைந்து காட்டியது புதுமை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கி அரசு சிறப்பித்தது.

ஆங்கிலத்தில் இருந்த அந்நூலை, பங்கு இல்லத்துத் திண்ணையில் நம் சிறுவனுடனும் அவனுடைய தோழர் சிலருடனும் அமர்ந்து, தமிழில் சொல்லியவாறே பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மண்புழு இரயில் வந்ததும் மற்றப் பிள்ளைகள் கைகொட்டி மகிழ்ந்தனர். அவன் மட்டும் அப்பக்கத்தை நெடுநேரம் பார்த்திருந்தான். பிறகு கேட்டான்: "ஃபாதர், இவருக்கு மிஸ் தப்பு போடலையா?"

நமக்கு விடை வரவில்லை.

ஒன்றைப் போல் ஒன்றில்லாத நூல்கள்

அதே பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி ஆகிய மூவரும் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்னும் நூலை 2006இல் தாரா வெளியிட்டது. பகலெல்லாம் நிழலும் கனியும் தந்து உழைக்கும் மரங்கள் இரவில் தம் உண்மை உருவைக் காட்டுகின்றன என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. கரிய தாளில் ஒளிரும் வண்ணங்களில் அம்மரங்கள் விரிகின்றன. 2008இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துக் குழந்தை நூற்காட்சியில் இந்நூல் பரிசு பெற்றது.

நம்மைக் கவர்ந்தது அது உருவாகும் விதம். பெரிய அச்சு இயந்திரத்தில் ஆயிரமாயிரமாக அடித்துத் தள்ளும் நூலன்று அது. கலியாணப் பத்திரிகைக்கும் கடைப் பலகைக்கும் நம்மூரில் கையாளும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலேயே, சென்னைப் பட்டறையில் கையால் அச்சிடுகிறார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியின்மீது மையை வைத்து, ரப்பர் பட்டையால் அழுத்தி இழுக்க, கீழுள்ள தாளில் ஒரு வண்ணம் பதிகிறது. அது காய்ந்த பின்னரே அடுத்த வண்ணம். இவ்வாறு ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு முறை, ஒவ்வொரு தாளாக. பிறகு கையால் தைத்துக் கட்டி, நூலுக்கு வரிசை எண் இடுகிறார்கள். தாளும் கையாற் செய்ததே. ஆகையால் ஒரு பிரதியின் மை சற்று அடர்ந்திருக்கும். மற்றொன்றில் வண்ணம் மயிரிழை விலகியிருக்கும்.

நம் ஊரினின்று இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள், தொழிலாளரின் கைகளே இதைச் செய்கின்றன. அங்கே அந்தச் சிறு வேறுபாடுகளை எவரும் கூடையில் எறிவதில்லை. அவ்வேறுபாட்டைக் கையின் அடையாளமாகக் கண்டு, அதற்காகவே விரும்பி வாங்குவோர் உலகெங்கும் உள்ளனர். தாளில் அமைந்த நூலுக்கே இம்மதிப்பு உண்டெனில், படைத்தவரின் கை ஒவ்வொன்றாய்ச் செய்து அனுப்பிய பிள்ளைக்கு எத்துணை மதிப்பு இருத்தல் வேண்டும்!

கற்பனை பொய்யாகுமா?

இங்கே சில பெற்றோருக்கு ஐயம் எழலாம். "படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பு வருமா? மண்புழு இரயிலும் பறக்கும் யானையும் பொய்யல்லவா? பிள்ளைக்கு உண்மையைக் கற்பிக்க வேண்டாமா?" இவ்வாறு நம்மிடமே கேட்டோர் உண்டு. இவ்வையம் நியாயமானதே.

பிறரை ஏமாற்றச் சொல்வது பொய். சொல்பவரும் கேட்பவரும் விளையாட்டென அறிந்தே மகிழ்வது கற்பனை. 'தேம்பாவணி' என்னும் பெருங்காப்பியம் பாடிய வீரமாமுனிவரே, குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கி வந்த ஐந்து சீடர்களின் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். 1822இல் அது இலண்டனில் அச்சேறியது. இன்றும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். அம்முனிவர் பொய்யுரைத்தார் என்று எவரேனும் சொல்வாரா? நம் ஆண்டவரும் விதையையும் வலையையும் காணாமற்போன ஆட்டையும் காட்டியன்றோ விண்ணரசைப் பற்றிப் பேசினார்!

படத்தால் படிப்பு வருமா என்ற கேள்விக்கு வரலாறே விடை சொல்கிறது. குழந்தைகளுக்கென எழுந்த படப்புத்தகங்களுள் முன்னோடியாகக் கருதப்படுவது 1658இல் நூரம்பர்க் நகரில் வெளியான 'ஆர்பிஸ் பிக்டஸ்' என்னும் பாடநூல். அதை ஆக்கிய கொமேனியுஸ், பொஹீமிய சகோதரர் சபையின் ஆயராக இருந்தவர். கண்ணால் கண்டதையே உள்ளம் எளிதிற் பற்றும் என்பது அவர் கொள்கை. எழுத்தறியுமுன் பிள்ளை படத்தைப் படிக்கிறது. எது முன், எது பின், யார் அழுகிறார், ஏன் அழுகிறார் என்று தானே ஊகிக்கிறது. அந்த ஊகமே பின்னர்ப் படிப்பறிவாகக் கனிகிறது.

நம் அயலில் வாழும் காளி

துலிகா வெளியிட்ட நூல்களுள் ஒன்று, காளி என்னும் சிறுவனையும் ஒரு சாரைப்பாம்பையும் பற்றியது. சென்னை முதலைப் பண்ணையுடன் நெடுங்காலத் தொடர்புடைய ஸாய் விட்டேக்கர் எழுதியது. ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்தது. காளி இருளர் குலத்துப் பிள்ளை. தந்தை பாம்பு பிடிப்பவர். வீட்டில் அதைப் பெருமையாக எண்ணும் பிள்ளை, பள்ளிக்கு வந்ததும் தான் மற்றவர்களைப் போல் இல்லை என்று உணர்ந்து குன்றிப்போகிறான். ஒருநாள் வகுப்பறைக்குள் பாம்பொன்று நுழைகிறது. எல்லாரும் அஞ்சி நடுங்க, காளி அதை இலகுவாகப் பிடித்துவிடுகிறான். அன்று முதல் அவன் வகுப்பின் வீரன்.

இது எங்கோ நடக்கும் கதையன்று. இருளர் குடியிருப்புகள் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பல உண்டு. தமிழகத்தின் மிக நலிந்த பழங்குடியினர் ஆறனுள் அவர்களும் ஒருவர் என அரசு வகைப்படுத்தியுள்ளது. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாய் இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைப் பற்றி நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அதே மக்களின் அறிவு உலகுக்கு எத்துணைப் பயன்படுகிறது என்பதைப் பலர் அறியார். செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து செய்வோருக்கு வழங்குகிறது. அக்குலத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும், மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை தந்த அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 2017இல் அழைக்கப்பட்டனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிட்டியது.

நம் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்நூலைக் காட்டினோம். அவர்களுள் இருளர் பிள்ளை ஒருவனும் உண்டு. வந்த நாள் முதல் வாய் திறவாதவன். சாரைப்பாம்பின் படத்தைக் கண்டு ஒரு சிறுமி பயந்து பின்வாங்கவே, "அது சாரை. அதுக்கு விஷம் இல்ல" என்றான். அவ்வளவே பேசினான். ஆனால் மற்றவர்கள் அவனை நெருங்கி அமர்ந்தனர். எந்தப் பாம்புக்கு நஞ்சு உண்டு, எதற்கு இல்லை என்று அவனை வினவத் தொடங்கினர். தன் வீட்டைப் போன்றதொரு வீட்டைப் புத்தகத்தில் கண்ட நாள் அவனுக்கு அதுவே முதலாவது என்று எண்ணுகிறோம்.

பாம்பு வராத நாளில்?

ஆயினும் அன்றிரவு அந்நூலை மீண்டும் புரட்டியபோது, ஒரு வினா நம்மை விடாமல் பற்றியது. பாம்பு வகுப்பறைக்குள் வந்தது, காளி வீரனானான். பாம்பு வராதிருந்தால்?

துலிகாவின் மற்றொரு நூலில் 'கண்ணா பண்ணா' என்றொரு சிறுவன் வருகிறான். பார்வையற்ற பிள்ளை, அதிகம் பேசாதவன். குகைக் கோயிலுக்குள் விளக்கு அணைந்து எல்லாரும் திகைக்கும்போது, அவனே வழிகாட்டி அனைவரையும் வெளியே கொண்டுவருகிறான். அதுவும் நல்ல நூலே. அங்கும் நாம் கேட்கலாம்: விளக்கு அணையாதிருந்தால்?

இந்நூல்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மாறுபட்ட பிள்ளையிடம் மற்றவர்க்கில்லாத திறன் இருக்கக்கூடும் என்று காட்டுவது பெரும் தொண்டு. ஆனால் பெற்றோராகிய நீங்கள் அதனோடு நின்றுவிடலாகாது. "என் பிள்ளை மற்றவர்களைப் போல் இல்லை, பரவாயில்லை, ஒருநாள் பெரிய ஓவியனாவான், விஞ்ஞானியாவான்" என்று சொல்லும் அன்பிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பாம்பு வருவதில்லை. எல்லா வாழ்விலும் விளக்கு அணைந்து வீரம் காட்டும் வேளை வாய்ப்பதில்லை. மூளை வளர்ச்சி குன்றிய மகளைப் பதினைந்து ஆண்டுகளாகத் தூக்கி வளர்க்கும் தாயொருவர் நம் பங்கில் இருக்கிறார். அம்மகள் எவரையும் எந்தக் குகையினின்றும் மீட்கப் போவதில்லை. அவளுடைய இடம் எங்கே?

இதற்கு விடை போன்ற ஒரு படநூல், 1936இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மன்ரோ லீஃப் எழுத, ராபர்ட் லாசன் படம் வரைந்த ஃபெர்டினாண்டின் கதை அது. ஸ்பெயின் நாட்டில் ஒரு காளைக்கன்று. மற்றக் கன்றுகள் முட்டி மோதி விளையாட, இது மட்டும் மரநிழலில் அமர்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும். தாய்ப்பசு முதலில் கவலைப்படுகிறது: பிள்ளை தனிமையில் வாடுகிறதோ என்று. அது மகிழ்ச்சியாகவே இருக்கிறது என அறிந்ததும், அதன் போக்கில் விட்டுவிடுகிறது. பின்னர், தேனீ கொட்டித் துள்ளிய வேளையில் அதைக் கண்ட சிலர் மூர்க்கமான காளை என்று மயங்கி, மாட்ரிட் நகரின் போர்க்களத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். களத்தின் நடுவே அக்காளை, மங்கையர் கூந்தலிற் சூடிய பூக்களின் மணத்தை முகர்ந்தபடி அமர்ந்துவிடுகிறது. எத்துணைத் தூண்டியும் எழவில்லை. வேறு வழியின்றி ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றனர். அது மீண்டும் தன் மரநிழலில் அமர்கிறது.

மஞ்சுவிரட்டும் ஏறுதழுவலும் கண்ட தமிழருக்கு இக்கதையின் சுவை உடனே விளங்கும். ஃபெர்டினாண்டு எதையும் வெல்லவில்லை, எவரையும் காப்பாற்றவில்லை. அது இருந்தபடியே இருந்தது. அதன் தாய் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். கதையில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பவள் அத்தாயே. அவள் கவலைப்படாதவள் அல்லள். கவலையோடு அருகில் சென்று, பிள்ளையைக் கேட்டு, அதன் மனத்தை அறிந்து, பிறகு விட்டுக்கொடுத்தவள்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளும் தேவையானவை என்றே கற்பித்தார். அவை ஒருநாள் வலுப்பெறும் என்பதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, படநூலை அருகில் அமர்ந்து பிள்ளையோடு பாருங்கள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் போதும். இரவு ஷிஃப்ட் செல்லும் தந்தையர் விடுமுறை நாளில் செய்யலாம். பக்கத்தைப் புரட்டும் உரிமையைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி கற்றாய்?" என்று கேளாதீர்கள். அக்கேள்வி கதையைத் தேர்வாக்கிவிடும். "உனக்கு எந்தப் படம் பிடித்தது?" என்று கேளுங்கள், அல்லது ஒன்றும் கேளாதிருங்கள்.

மூன்றாவதாக, பிள்ளை வரைந்ததில் உங்களுக்குப் பிழையாகத் தோன்றுவதைத் திருத்துமுன், "இதைப் பற்றிச் சொல்" என்று ஒருமுறை கேளுங்கள். எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் திருத்தத்தான் வேண்டும். பொய்யையும் முரட்டுத்தனத்தையும் கண்டிக்கத்தான் வேண்டும். மாறுபட்டிருத்தல் என்பது மனம்போல் நடப்பதற்கு உரிமைச்சீட்டன்று. ஆனால் நீல நிறக் காகமும் சக்கரம் வைத்த பேழையும் அவ்வகைப் பிழைகள் அல்ல.

நான்காவதாக, நூல்களைத் தேடிப் பெறுங்கள். விலை கொடுக்க இயலாதோர் அரசுக் கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனத்தின் சிறுவர் நூல்கள் தமிழில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் பலவற்றைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். ஒடிய, இந்திக் கதைகளும் அதில் உண்டு; அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். முதல் நற்கருணை நாளிலும் பிறந்த நாளிலும் பிள்ளைகளுக்குப் பரிசளிப்போர், விரைவில் உடைந்துபோகும் பொம்மைக்குப் பதிலாக ஒரு படநூலைத் தரலாகாதா?

இறுதியாக

நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் இப்போது ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் முப்பது படநூல்கள் உள்ளன. சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் வந்து எடுத்துப் பார்க்கின்றனர். சிவப்பு மைக் கோடு இழுத்த ஆசிரியையே அப்பெட்டிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

அச்சிறுவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். சிறுபிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் அங்கி அணிந்தோருக்கு எளிதன்று. அவன் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்து நின்றான். சில வாரங்கள் கழித்து, பேழையை இன்னொரு முறை வரைந்து தருவாயா என்று கேட்டோம். தாளை வாங்கிக்கொண்டு சற்றுத் தொலைவு சென்றவன் திரும்பி வந்து, மெல்லிய குரலில் கேட்டான்: "சக்கரம் போடலாமா, ஃபாதர்?"

"போடலாம்" என்றோம். ஆயினும் நெஞ்சு கனத்தது. முன்பு எவரிடமும் அனுமதி கேளாமல் இருபத்திரண்டு சக்கரம் வரைந்த பிள்ளை அவன். ஒரு நொடியில் இழுத்த கோட்டையும் ஒரு நொடியில் சிரித்த சிரிப்பையும் அழிக்க இத்தனை வாரங்கள் போதவில்லை.

அவன் மீண்டும் கேளாமலே வரையும் நாளுக்காகக் காத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அவ்வாறு அனுமதி கேட்டு நிற்கும் பிள்ளை உண்டா என்று இன்றிரவு சற்றுப் பாருங்கள்.